வண்டி நிற்குமிடம்

சேலத்தினின்று விருத்தாசலம் செல்லும் இருப்புப்பாதையிலே சின்னசேலம் என்னும் ஸ்டேஷன் ஒன்று உளது. கள்ளக்குறிச்சி நகரத்தாருக்கு நெடுங்காலமாக அணித்தாயிருந்த ஸ்டேஷன் அதுவேயாகும். வடமேற்கே கல்வராயன் மலைத்தொடர் மேகத்தோடு மேகமாய் நீலங்கொண்டு தோன்றும். கச்சிராயபாளையத்து வழியாக மலையினின்றும் இறங்கி வருவோர், புளிமூட்டையும் பலாப்பழமும் தலையிற் சுமந்து, குழந்தைகளை இடுப்பில் ஏந்தி, வண்டி வருமுன்னரே பிளாட்பாரத்தின் ஒரு கோடியிற் சென்று காத்திருப்பர். ஏன் கோடியில் நிற்கின்றனர்? நெடுந்தொலைவு செல்லும் வண்டிகளில் முன்பதிவு வேண்டாத பொதுப்பெட்டிகள் பெரும்பாலும் தலையிலும் வாலிலுமே கோக்கப்படுகின்றன. நடுவில் நிற்பார்க்கு அவை கிட்டா. வண்டி நிற்பதோ இரண்டொரு நிமிஷமே.

இந்த இரண்டொரு நிமிஷத்தை ஆள்வது ஒரு சிறு பலகை. அதனைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுந்தோம். நம் மாணவருள் வாரந்தோறும் புகைவண்டியில் ஊர் செல்வோர் பலர் உளர். எனினும் இப்பலகையை உற்று நோக்கினார் சிலரே என்று எண்ணுகிறோம். பலகை நமக்காக எழுதப்பட்டதன்று, எஞ்சினிலிருப்பவருக்காக எழுதப்பட்டது. ஆகலின் நம் கண்ணிற் படாமற் போவது வியப்பன்று.

பெரிய ஸ்டேஷன்கள் பலவற்றில் பிளாட்பாரத்தின் முற்பகுதியில், ஓட்டுநர் பார்வை படும் இடத்தில், ஒரு கம்பத்தின் மேல் எண் பொறித்த தகடு காணப்படும். இத்தனை பெட்டி கொண்ட வண்டியின் எஞ்சின் இவ்விடத்தில் நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள். சென்னைப் புறநகர் மின்சார வண்டிகளில் 9 பெட்டித் தொடரும் 12 பெட்டித் தொடரும் ஓடியிருத்தலின், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறி வேண்டியதாயிற்று. பம்பாய்ப் புறநகரில் 15 பெட்டித் தொடரும் உண்டு. இங்கிலாந்திலும் 4, 8, 12 என்று இவ்வாறே எண்ணிட்ட சிறு பலகைகள் பிளாட்பார ஓரத்தில் நாட்டப்பட்டிருக்கின்றன.

ஓட்டுநருக்கு இஃது எதற்கு? அவர் கண்ணுக்குப் பிளாட்பாரம் தெரியாதோ எனின், தெரியும். தெரியாதது அவர் முதுகுக்குப் பின்னாலுள்ள வண்டி. 24 பெட்டிகள் கோத்த தொடர் அரை கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. பெரம்பூரில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய பெட்டித் தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டி ஒன்று, இணைப்பையும் சேர்த்து, 22 மீட்டருக்குச் சற்று மேற்பட்டது. ஆகவே 24 பெட்டிக்கு 535 மீட்டர். எஞ்சின் ஏறத்தாழ 20 மீட்டர். கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தில் ஏறிவிட்டதா என்பதை எஞ்சினிலிருந்து காண்டல் அரிது. வளைவிலோ இரவிலோ மழையிலோ சொல்ல வேண்டுவதில்லை. எனவே யாரோ ஒருவர் முன்னரே நாடா பிடித்தளந்து, கணக்கிட்டு, விடையைத் தகட்டில் எழுதி வைத்துவிட்டார். ஓட்டுநர் கணக்கிட வேண்டுவதில்லை. விடைக்கு நேரே நிறுத்தினாற் போதும்.

இக்கணக்கு ஒருமுறை போட்டால் என்றைக்கும் செல்லுமோ எனின், செல்லாது. ஜெர்மானிய வகையான லிங்கே ஹாப்மன் புஷ் பெட்டிகள் 2000ஆம் ஆண்டளவில் நம் நாட்டுக்கு வந்தன. பெரம்பூரில் பழைய வகைப் பெட்டியின் கடைசி உருப்படி 2018 ஜனவரியில் வெளிவந்தது. புதிய பெட்டி பழையதைவிட ஏறக்குறைய 1.7 மீட்டர் நீண்டது. ஒரு பெட்டியில் 1.7 மீட்டர் என்றால் அற்பமே. இருபது பெட்டியிலோ 34 மீட்டர் ஆயிற்று. வாலில் ஒரு பெட்டிக்கு மேல் பிளாட்பாரத்துக்கு வெளியே நிற்றற்கு இது போதும். எண்ணிக்கையை மட்டும் கூறும் பலகை அளவைக் கூறாது என்பதை இங்கே காண்க. பள்ளிக் கணக்கில் அலகை எழுத மறந்த பையனுக்கு ஆசிரியர் மதிப்பெண் குறைப்பது இதனாற்றான் போலும்.

நாமே ஒருகாற் கண்டதைக் கூறுவோம். ஊரின் பெயர் வேண்டா. மாலை இருட்டும் வேளை. பின்கோடிப் பொதுப்பெட்டியில் நெருக்குண்டு நின்றிருந்தோம். வண்டி நின்றது. கதவண்டை இருந்த மூதாட்டி ஒருத்தி, மலைநாட்டுப் பேச்சுடையாள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிற் காலை வைத்தாள். கீழே பிளாட்பாரம் இல்லை. கருங்கல் ஜல்லியே கிடந்தது. பிளாட்பாரம் தண்டவாளத்தின் மட்டத்துக்கு மேல் 76 முதல் 84 செண்டிமீட்டர் உயர்ந்திருப்பது. அவ்வளவு ஆழம் கால் எதிர்பாராது இறங்க வேண்டியதாயிற்று. "அப்பா, தரை எங்கேப்பா?" என்று அவள் கேட்ட குரல் இன்றும் நம் செவியில் உளது. பின்னின்ற இளைஞர் இருவர் அவள் தோளைப் பற்றி இழுத்துக்கொண்டனர். மூட்டை மட்டும் விழுந்தது. ஊதல் கேட்டது. அவள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, இரவெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்து, மறுநாட் காலை வண்டியில் திரும்பினாள் என்று பின்னர் அறிந்தோம். எஞ்சின் ஒரு பெட்டி நீளம் முன்னே சென்று நின்றிருந்தால் இது நேர்ந்திராது. நடுப்பெட்டிகளில் இருந்தோர் எதுவும் அறியார். வண்டி எங்கு நின்றாலும் நடுப்பெட்டி பிளாட்பாரத்தில்தான் இருக்கும்! நிற்குமிடத்தின் பிழை எப்போதும் கோடிப் பெட்டியார் தலையிலேயே விழுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய பெட்டியும் பெரும்பாலும் கோடியிலேயே கோக்கப்படுவதை நினைக்குங்கால், பலகையை அரையடி தவறாது நட வேண்டிய கடமை எத்தகையதென்பது விளங்கும்.

ஆயின் ஓட்டுநர் இன்னும் சிறிது முன்னே செல்லலாகாதோ? இங்குத்தான் வேறு இரண்டு எல்லைகள் குறுக்கிடுகின்றன. முன்னே புறப்பாட்டுக் கைகாட்டி. அது சிவப்பாயிருக்கையில் அதனைத் தாண்டுதல் இருப்புப்பாதைச் சட்டத்திற் பெருங்குற்றம். பின்னே, இரண்டு பாதைகள் ஒன்றையொன்று நெருங்கும் இடத்தில், தரையில் ஒரு குறிக்கல் உண்டு. அதற்குப் பௌலிங் மார்க் என்று பெயர். வண்டியின் வால் அக்கல்லுக்குள் அடங்காவிட்டால், பக்கத்துப் பாதையில் வரும் வண்டி அதன்மேல் உரசும். வால் அடங்கியதா என்று பார்ப்பது கார்டின் கடமை. அவர்க்கு 2022 ஜனவரி முதல் ரயில் மேலாளர் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கிறது. எதிர்வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கும் வண்டியின் தலை கைகாட்டியைக் கடவாமலும், வால் கல்லைவிட்டு வெளியே நீளாமலும், படிகள் பிளாட்பாரத்துக்கு நேராகவும் ஒருங்கே அமைய வேண்டும். இம்மூன்றையும் ஓட்டுநர் ஒரே கைப்பிடியால் நிறைவேற்றுகிறார்.

அக்கைப்பிடியின் இயல்பையும் சிறிது அறிதல் நன்று. பிரேக் குழாயில் சதுர செண்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் அதிற் சிறிது காற்றை வெளியே விட, அழுத்தம் குறைந்து, ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்கிறது. குறைவு முன்பெட்டியிற் தொடங்கிப் பின்பெட்டிக்குப் பரவச் சில விநாடி செல்லும். மீண்டும் தளர்த்தினாலும் அவ்வாறே தாமதம். ஆகவே பலகையைக் கண்டபின் நிறுத்த நினைப்பவர் நிறுத்தமாட்டார். பலகை கண்ணிற் படுமுன்னரே மனத்திற் பட்டிருக்க வேண்டும். ஏற்றம், இறக்கம், மழைக்கு வழுக்கும் தண்டவாளம், அன்றைய பாரம் ஆகிய இவையெல்லாம் நாடோறும் மாறுவன. பலகை மட்டுமே மாறாதது. நீராவிக் காலத்திலே இவ்வளவு பலகை வேண்டியிருக்கவில்லை. எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் பெருங்குழாய் பிளாட்பாரக் கோடியில் நின்றது. அதன் வாய்க்கு நேரே எஞ்சினின் தண்ணீர்த்தொட்டி நின்றாக வேண்டும். தாகமே அக்காலத்து நிறுத்தற் குறி.

நிறுத்தத் தவறியதன் விளைவுக்கு உலகமறிந்த படம் ஒன்று உண்டு. 1895 அக்டோபர் 22இல் பாரிஸ் நகரத்து மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் வண்டி தடுப்பை உடைத்து, சுவரையும் பிளந்து, எஞ்சின் தெருவில் மூக்குக் குப்புற விழுந்தது. நம் சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலும் 2022 ஏப்ரல் 24இல் ஆளில்லாத மின்சாரத் தொடர் ஒன்று முடிவுத்தடுப்பை மோதிப் பிளாட்பாரத்தின்மேல் ஏறிற்று. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை.

ஆனால் நம் உள்ளத்தை மிகவும் உறுத்துவது ஜப்பான் தேசத்து நிகழ்ச்சியே. அந்நாட்டில் நிறுத்தற் குறிகள் தண்டவாளங்களுக்கிடையிலும் பிளாட்பார ஓரத்திலும் அமைக்கப்பட்டு, கதவு திறக்கும் இடம் தரையிலே வரையப்பட்டிருக்கும். பிரயாணிகள் அக்கோட்டின் பின் வரிசையாக நிற்பர். குறியைக் கையாற் சுட்டி வாயாற் சொல்லும் வழக்கமும் அவர்களுடையதே. நியூயார்க்கு நகரத்துச் சுரங்க வண்டிகளின் கார்டுகள் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டையிட்ட பலகையை விரலாற் சுட்டிய பின்னரே கதவைத் திறப்பதும் அங்கிருந்து வந்த பழக்கமே என்பர். இத்துணைச் செம்மை வாய்ந்த நாட்டில், 2005 ஏப்ரல் 25ஆம் நாட் காலை, 23 வயது ஓட்டுநர் ஒருவர் இதாமி என்னும் ஸ்டேஷனில் தம் ஏழுபெட்டி வண்டியைக் குறிக்கு ஏறக்குறைய 72 மீட்டர் தாண்டி நிறுத்தினார். பின்னுக்கு நகர்த்திப் பிரயாணிகளை இறக்க ஒன்றரை நிமிஷம் போயிற்று. அவ்வளவே! ஆயின், முன்னொருகால் இவ்வாறு தவறியதற்காக நாட்கணக்கில் உட்காரவைத்து அவமானப்படுத்தும் 'பயிற்சி'யை அவர் அனுபவித்திருந்தார். தாண்டிய தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி கார்டை வேண்டிக்கொண்டார். கார்டு ரேடியோவில் தலைமையிடத்தோடு பேசியதையே அவர் செவி நாடியிருந்தது. கை பிரேக்கை மறந்தது என்று விசாரணையாளர் கருதினர். மணிக்கு 70 கிலோமீட்டரே செல்லத்தக்க வளைவில் வண்டி 116 கிலோமீட்டரிற் புகுந்து, தடம் புரண்டு, குடியிருப்புக் கட்டடத்தில் மோதிற்று. ஓட்டுநருள்ளிட்ட 107 பேர் மாண்டனர். 500க்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

72 மீட்டர் தவறினாற் பிரயாணிக்குத் தொல்லை. அதற்கு அஞ்சிய அச்சமோ உயிர்களை வாங்கிற்று. குறியைத் தாண்டியவரைக் கடிதல் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மூதாட்டியின் மூட்டை விழுந்ததைக் கண்ட நாம் அவ்வாறு எங்ஙனம் சொல்வோம்? ஆயினும் தவற்றை உள்ளபடி சொல்லக்கூடிய நிலையில் ஓட்டுநரை வைத்தால், ஒன்றரை நிமிஷத் தாமதம் ஒன்றரை நிமிஷத் தாமதமாகவே முடியும். நம் நாட்டில் ஓட்டுநரும் உதவியாளரும் கைகாட்டியின் நிறத்தை ஒருவர்க்கொருவர் உரக்கக் கூறிக்கொள்ளும் விதி இவ்வகையிற் பாராட்டத்தக்கது. ஒருவர் கண் தவறினால் மற்றவர் வாய் திருத்தும்.

எந்திரமே நிறுத்தும் முறையும் வந்துவிட்டது. சென்னையில் 2015 ஜூனில் தொடங்கிய மெட்ரோ வண்டியின் சுரங்க ஸ்டேஷன்களில் பிளாட்பார ஓரம் முழுதும் கண்ணாடித் தடுப்பு; வண்டியின் கதவும் தடுப்பின் கதவும் நேருக்கு நேர் நின்றால்தான் வழி. அங்கே பெட்டியின் நீளமும் எண்ணிக்கையும் ஒரே தன்மையன. ஒரு நாள் பழைய பெட்டியும் மறுநாள் புதிய பெட்டியும், ஒரு வேளை எட்டும் மற்றொரு வேளை இருபத்திரண்டுமாக வரும் நம் பாதைகளில் அஃது எளிதன்று. கம்பத்திலுள்ள தகடே நமக்கு இன்னும் துணை.

சின்னசேலத்துக்கு அடுத்துள்ள மேல்நாரியப்பனூரில் ஜூன் மாதத்துப் புனித அந்தோணியார் திருவிழாவுக்காக விரைவு வண்டிகளைத் தற்காலிகமாக நிறுத்துவதுண்டு. அன்றாடம் நில்லாத இடத்தில் நிற்கும் வண்டிக்கு எங்கே நிற்பதென்ற வினா கடினமானது. ஓட்டுநருக்கு அவ்விடம் கையிற் பழகியதன்று; இறங்குவோரோ நூற்றுக்கணக்கினர். பலகை தன் ஊதியத்தை ஈட்டும் நாள் அதுவே. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு 16 கிலோமீட்டர் அளவில் வகுக்கப்பட்ட புதுப்பாதையிலும் இக்கணக்கை ஒருவர் போட்டாக வேண்டும்.

அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒன்று செய்து பார்க்கலாம். பிளாட்பாரத்தில் எண் பலகை இருக்குமிடத்தைக் கண்டு, அங்கிருந்து பின்னோக்கித் தம் அடியால் அளந்து, பெட்டிக்கு 22 மீட்டரும் 24 மீட்டருமாக இருமுறை கணக்கிட்டு, கடைசிப் பெட்டியின் கதவு எங்கே வருமென்று சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இடுக. பின்னர் வண்டி வரும்வரை அக்கோட்டின் அருகே நிற்க.