செண்டோலும் கச்சாங்கும்

கினிப்பிக் வளர்க்கிற வீட்டில் கூண்டுக்கு அடுத்தபடியாக இருக்கவேண்டிய சாமான் சமையல் தராசு. கேக் செய்பவர்கள் மாவு நிறுக்க வைத்திருப்பார்களே, கிராம் கணக்குக் காட்டும் அந்தச் சின்னத் தராசுதான். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் கினிப்பிக். வாரத்துக்கு ஒரு தடவை நிறுத்து, காலண்டரில் எழுதிவிட வேண்டும். கினிப்பிக்கின் முன்னோர்கள் ஆண்டிஸ் மலைப்பக்கத்தில் பருந்துக்கும் நரிக்கும் இரையானவர்கள். முடியவில்லை என்று காட்டிக்கொண்டால் அடுத்த இரை அதுதான். நோயை மறைக்கும் அந்தப் பழக்கம் கோலாலம்பூர் செந்தூலின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும் போகவில்லை.

எங்கள் செண்டோலும் அப்படித்தான். பிளாஸ்டிக் பை சலசலத்தால் கூண்டுத் துணையான கச்சாங்கோடு சேர்ந்து கத்தும். தட்டருகே ஓடிவரும், கொத்தமல்லித் தழையை முகரும், வாயில் கவ்வவும் செய்யும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தராசில் மட்டும் 950 கிராம் இருந்த உடம்பு 860-க்கு வந்து நின்றது. உட்கார்ந்து கவனித்தபோதுதான் தெரிந்தது, கவ்விய தழையை மெல்லாமல் கீழே போட்டுவிடுகிறது.

பல் கோளாறு. கினிப்பிக்குக்கு இருபது பல், இருபதும் ஆயுள் முழுக்க வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயவேண்டும். கடைவாய்ப் பற்கள் கோணலாக வளர்ந்தால் இரண்டு பக்கமிருந்தும் நாக்குக்கு மேலே சாய்ந்து அதை அமுக்கிவிடும். பசி இருக்கும், விழுங்க முடியாது. முன்பல்லைப் பார்த்து “எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கடைவாய்க்குள் கருவி விட்டுப் பார்க்கிற டாக்டர் வேண்டும்.

கோலாலம்பூரில் கால்நடை கிளினிக்குகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவை நாய் பூனைக்கானவை. போன் செய்யும்போது “கினிப்பிக் பார்ப்பீங்களா?” என்று கேட்டால் எல்லோரும் பார்ப்போம் என்பார்கள். “கினிப்பிக்குக்கு மயக்க மருந்து குடுத்துக் கடைவாய்ப் பல் ராவியிருக்கீங்களா?” என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் அடுத்த நம்பர். சிக்கலான கேஸ் என்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நோய் வருவதற்கு முன்பே இந்த விசாரிப்பை முடித்துவைப்பது நல்லது. ஏனென்றால் நாய்க்குப் போல ஒரு நாள் பட்டினி போட்டுப் பார்க்கலாம் என்பது இதனிடம் நடக்காது. குடலில் நார் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். அரைநாள் வயிறு காலியாக இருந்தாலே குடல் மந்தமாகும், வாயு சேரும். முதலில் வந்த நோயைவிட இந்தப் பட்டினியே ஆளைக் கொன்றுவிடும்.

மருந்து எழுதிக்கொடுத்தால் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெனிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின் வகைகளை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப்பிக்கின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகி, உயிரே போகலாம். என்ரோஃபிளாக்சசின், டிரைமெத்தோபிரிம்-சல்பா போன்றவைதான் வழக்கமாகக் கொடுப்பது. வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கி மிச்சமிருக்கிற ஆன்டிபயாட்டிக் சிரப்பின் பக்கமே போகக்கூடாது.

இனி, கச்சாங். நோய் என்றதும் எல்லோரும் சொன்ன முதல் வார்த்தை “தனியா பிரிச்சு வைங்க”. பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னார், அம்மா சொன்னார், ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருந்த பெண்ணும் சொன்னார். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட நோய்களில் இது தப்பான ஆலோசனை. சளி, படர்தாமரை மாதிரி தொற்றுகிற நோய் என்றால் பிரிக்கலாம். ஆனால் அதற்குள் மற்றதுக்கும் ஒட்டியிருக்கும், டாக்டர் இரண்டையும் பார்த்தாக வேண்டும். பல், சிறுநீர்ப்பைக் கல், கருப்பைக் கட்டி, இதயம் இவையெல்லாம் தொற்றாது. அப்போது பிரித்து வைத்தால், வலியோடு இருக்கிற பிராணியிடமிருந்து அதற்குத் தெரிந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கியதாக ஆகும்.

இது என் மனக்கற்பனை இல்லை. ஜெர்மனியில் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் நோர்பர்ட் சாக்சரும் சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆண் கினிப்பிக்கைப் பழக்கமில்லாத கூண்டில் தனியே விட்டால் இரத்தத்தில் கார்ட்டிசோல் என்கிற பதற்ற ஹார்மோன் ஏறுகிறது. அதனோடு பிணைப்புள்ள துணையைக் கூட விட்டால் அந்த ஏற்றம் நன்றாகக் குறைகிறது. முன்பின் தெரியாத பெண்ணையோ, பார்த்துப் பழகிய அளவில் மட்டும் தெரிந்த பெண்ணையோ விட்டால் அந்த அளவுக்குப் பலன் இல்லை. எங்களுடையவை இரண்டும் பெண். ஆனாலும் செண்டோல் தனியாக கிளினிக் போனபோது கூடையின் மூலையில் கல்லாகக் கிடந்ததையும், கச்சாங் கூடப்போனபோது வழியிலேயே புல் கொறித்ததையும் பார்த்தேன். அதற்குப்பிறகு போனால் இரண்டுமாகத்தான் போனோம். கிராப் ஓட்டுநருக்கு மட்டும் முன்கூட்டியே குறுஞ்செய்தி அனுப்பிவிட வேண்டும். சிலர் வேண்டாம் என்பார்கள், கோபப்பட முடியாது.

சேர்ந்தே போவதில் இன்னொரு லாபம். ஒன்று மட்டும் மருந்து வாசனையோடு திரும்பிவந்தால் வீட்டிலிருந்தது அதை அந்நியமாக நினைத்து விரட்டக்கூடும். இரண்டிலும் ஒரே வாசனை என்றால் அந்தச் சண்டை இல்லை. அறுவை முடிந்து அவசியமாகப் பிரிக்க நேர்ந்தாலும் நடுவே கம்பித் தடுப்பு மட்டும் போதும். மூக்கோடு மூக்கு வைத்துப் படுத்துக்கொள்ளும். பல்லை நறநறவென்று கடிப்பது, முதுகில் ஏறுவது, சாப்பாட்டுத் தட்டிலிருந்து நெட்டித் தள்ளுவது இவை தொடர்ந்தால் மட்டும் தடுப்பை மேலும் வைத்திருங்கள்.

சேர்ந்திருப்பதில் ஒரே சிக்கல் புழுக்கை. யார் போட்டது, யார் போடவில்லை என்று தெரியாது. நோயாளியின் குடல் ஓடுகிறதா என்பதற்குப் புழுக்கைதான் சாட்சி. அதனால் இரவில் சில மணி நேரம் அதே கம்பித் தடுப்பைப் போட்டு, விரிப்பை மாற்றி, காலையில் எண்ணிப் பார்ப்பேன். சின்னதாக, ஒடுங்கி, நுனி கூராக இருந்தால் உள்ளே போவது போதவில்லை.

சிரிஞ்சில் ஊட்டுவதுதான் உண்மையான வேலை. கிரிட்டிக்கல் கேர் என்ற பொடி பெரிய செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காத ராத்திரியில் வழக்கமான பெல்லட்டையே வெந்நீரில் ஊறவைத்து மசித்துக்கொள்ளலாம். துண்டில் சுற்றி மடியில் நிமிர்த்தி உட்கார வைக்கவேண்டும், மல்லாத்தவே கூடாது. முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஓர் இடைவெளி உண்டு. அங்கே சிரிஞ்சை விட்டு அரை மில்லி, ஒரு மில்லி. மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. வயிறு பந்தாக உப்பி இறுகியிருந்தால் ஊட்டாதீர்கள், நேரே டாக்டர். வலி மருந்து கொடுத்த பிறகு ஊட்டினால் பாதிப் போராட்டம் குறையும். இதை யாரும் முதலில் எனக்குச் சொல்லவில்லை.

கச்சாங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊட்டினேன். அது சிரிஞ்சைப் பிடுங்கும். பிடுங்கட்டும், கொஞ்சம் கொடுக்கலாம். அது தின்பதைப் பார்த்துச் செண்டோலும் வாயைத் திறந்த வேளைகள் உண்டு.

“ஏம்மா, ஒரு எலிக்கு எதுக்கு இவ்வளவு காசு?” என்று கேட்ட அம்மாதான் விடியற்காலை முறையை எடுத்துக்கொண்டார். நான் வேலைக்குப் போகவேண்டுமாம். ராத்திரி வேலையை ஒரே ஆள் சுமந்தால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது, வீட்டில் பங்கு போட்டுக்கொள்ள ஆள் தேடுங்கள்.

வைட்டமின் சி பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. மனிதனைப் போலவே கினிப்பிக்குக்கும் அதை உடம்பில் தயாரித்துக்கொள்ளத் தெரியாது. குறைந்தால் மூட்டு வீங்கும், ரோமம் சிலிர்க்கும், நடக்கத் தயங்கும், ஈறு கெட்டுப் பல் ஆடும். செந்தூல் பசாரில் கொய்யாவும் குடைமிளகாயும் இருக்கும்வரை பயமில்லை. கொய்யாவில் ஆரஞ்சைவிட நான்கு மடங்கு உண்டு; சர்க்கரையும் உண்டு என்பதால் சின்னத் துண்டு போதும். வாய் வலிக்கிற பிராணிக்குக் குடைமிளகாயை நூலாக நறுக்கித் தரவேண்டும். தண்ணீர்ப் புட்டியில் வைட்டமின் கலப்பது வீண், வெளிச்சம் பட்டால் சில மணி நேரத்தில் சத்து போய்விடும்.

இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. செந்தூலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஜாலான் பஹாங்கில் நெடுங்காலம் இருந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தொடக்கம் 1900. அந்தக் காலத்தில் இங்கே பெரிபெரி நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் விழுந்தார்கள், புழுங்கலரிசி தின்ற தமிழர்கள் தப்பினார்கள். வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இரண்டு அரிசியையும் ஒப்பிட்டுப் பார்த்து 1907-இல் எழுதினார். அதே 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் பெரிபெரியை வரவழைத்துப் பார்க்கக் கினிப்பிக்குகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்தார்கள். வந்தது பெரிபெரி இல்லை, ஸ்கர்வி. வைட்டமின் சி-யைக் கண்டுபிடிக்க வழி திறந்தது அங்கேதான். கடையில் தானியக் கலவை பாக்கெட்டை “கினிப்பிக் சாப்பாடு” என்று நீட்டும்போதெல்லாம் எனக்கு அந்த நார்வே கூண்டுதான் ஞாபகம் வரும்.

வெயிலையும் புகையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 28 டிகிரிக்கு மேல் போனாலே இவற்றுக்கு ஆபத்து தொடங்குகிறது, நம் மத்தியான வெயிலோ 33. வெறும் தரை ஓடு, துணி சுற்றிய உறைந்த தண்ணீர்ப் புட்டி, மேலே படாமல் காற்றாடி. டெங்கிக்காகக் கொசுப்புகை அடிக்க வருகிறார்கள் என்றால் கூண்டை உள்ளறைக்குக் கொண்டுபோய் ஜன்னலைச் சாத்துங்கள். சாலையோரப் புல்லைப் பறித்துவராதீர்கள், எங்கே களைக்கொல்லி தெளித்தார்கள் என்று தெரியாது.

மறுபடி செண்டோலுக்கு வருகிறேன். ராவிய பல் திரும்பவும் வளரும். வேர் தாடைக்குள் நீண்டுவிட்டால் ராவுவதற்கிடையே உள்ள நாட்கள் குறைந்துகொண்டே போகும், ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து. முடிவு எடுக்கும் நாள் வந்தபோது அம்மா, “உயிரை எடுக்க நாம யாரு?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் சாத்திர பதில் இல்லை. டாக்டரிடம், “இது உங்க வீட்டுப் பிராணியா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?” என்று கேட்டேன். செலவையும் வாய்ப்பையும் பற்றி அதுவரை சுற்றிவளைத்துப் பேசியவர் நேராகப் பதில் சொன்னார். நான் பார்த்த அடையாளங்களும் அதையே சொன்னன: வலி மருந்து அடுத்த வேளைவரை நிற்கவில்லை, மசித்ததையும் தானாகத் தொடவில்லை, கச்சாங் வந்து காது நக்கினால் தலை திருப்பவில்லை. மூன்றாவதுதான் எனக்குத் தீர்ப்பு. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வலியிலிருந்து காப்பது உரிமையாளர் கடமை என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நம் கடமைதான். முதலில் வாயு மயக்கம், பிறகு ஊசி. அப்படித்தான் செய்வீர்களா என்று முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து கூண்டில் கச்சாங் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்தேன். தொற்றுநோய் என்றால் இதைச் செய்யக்கூடாது. இப்படிப் பார்த்துவிட்டால் மிஞ்சியது தேடிக்கொண்டே இருக்காது என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். கச்சாங் முகர்ந்தது, மூக்கால் தள்ளியது, அப்புறம் புல் தின்னப் போய்விட்டது. அம்மாவுக்கு அதில் வருத்தம். கிள்ளானில் பெரியப்பா வீட்டு மண்ணில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தோம். மண் இல்லாத அடுக்குமாடிக்காரர்களுக்குச் செல்லப்பிராணித் தகனம் செய்துதருகிற நிறுவனங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டு.

அதன்பிறகு தராசில் ஏறவேண்டியது கச்சாங். தினமும். துணை போன பிறகு சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் கினிப்பிக்குகள் உண்டு. செண்டோல் படுத்த துணியை உடனே துவைக்காமல் விட்டேன். எடை நின்ற பிறகுதான் புதுத் துணை தேடினேன். சுவிட்சர்லாந்தில் 2008-இலிருந்து கினிப்பிக்கைத் தனியாக வளர்ப்பது சட்டப்படி கூடாது. அங்கே மிஞ்சிய ஒன்றுக்கு வாடகைக்குத் துணை அனுப்புகிற ஏற்பாடுகூட இருக்கிறது. நமக்கு அதெல்லாம் இல்லை. கடையில் வாங்குவதைவிட, வளர்க்க முடியாமல் தத்துக் கொடுப்பவர்களிடம் கேளுங்கள். கடையில் “பெண்” என்று கொடுப்பது ஆணாக இருக்கலாம், அல்லது ஏற்கெனவே சினையாக இருக்கலாம். பத்து வாரத்தில் தெரியும். புது ஆளை இரண்டு வாரமாவது வேறு அறையில் வைக்கவேண்டும். பிறகு இருவருக்கும் சொந்தமில்லாத தரையில் புல்லைக் குவித்து, தட்டும் தண்ணீரும் இரண்டிரண்டாக வைத்துச் சந்திக்க விடலாம். உறுமலும் துரத்தலும் இருக்கும், இரத்தம் வந்தால்தான் பிரிக்கவேண்டும்.

ஆனால் இப்படிச் சேர்த்துக்கொண்டே போனால் என்றைக்கும் ஒன்று மிஞ்சும், அதற்கு மறுபடி துணை, மறுபடி ஒன்று. இந்தச் சங்கிலியை முதலிலேயே யோசிக்கவேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் கினிப்பிக் வளர்க்கிற ஒரு தோழியோடு நான் பேசி வைத்திருக்கிறேன். யார் வீட்டில் கடைசி ஒன்று தனியாக நிற்கிறதோ, அது கூண்டும் புல்லும் மருத்துவச் செலவுக்கான பணமுமாக மற்றவர் வீட்டுக்குப் போகும்.