ஊசி போடும் தாதி, தாம் போட்டுக்கொண்டாரா?

இம்மாதப் பாடம் நம் வீடுகளில் பலர் வாய் திறந்து பேசத் தயங்கும் கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றியது.

இந்நோய்க்கு ஏறக்குறைய எப்போதும் காரணம் எச்.பி.வி. என்னும் கிருமிதான். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியின் 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 விழுக்காட்டு நோய்க்குக் காரணம். இது பாலுறவின் வழி பரவுகிறது. உடலில் தங்கிவிட்டால் புற்றுநோயாக மாறப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஊசி, கிருமி வருவதைத் தடுக்கும். வந்த கிருமியைப் போக்காது. அதனால்தான் சின்ன வயதிலேயே போடச் சொல்கிறார்கள்.

மலேசியாவில் 2010-இல் 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். சிங்கப்பூரில் 2019-இல் உயர்நிலை 1 மாணவிகளுக்குத் தொடங்கியது.

இங்கேதான் தாதியர் முக்கியம். சம்மதப் பாரம் வீட்டுக்கு வந்ததும் அம்மா யாரைக் கேட்பார்? தெரிந்த மிஸ்ஸியைத்தான். “மிஸ்ஸி, இந்த ஊசி போட்டா பின்னால குழந்தை பிறக்காதுன்னு சொல்றாங்களே?” அந்த மிஸ்ஸி ஒரு நொடி தயங்கினாலும் பாரம் கையெழுத்தாகாமல் திரும்பிவிடும்.

அறிதல், நம்புதல், செய்தல் ஆகிய மூன்றும் வேறு வேறு. நோயைப் பற்றி நன்றாக அறிந்த தாதியும் தாம் ஊசி போடாமல் இருக்கலாம். 1997-க்கு முன் பிறந்த மலேசியப் பெண்களுக்குப் பள்ளியில் இந்த வாய்ப்பே இல்லை. பிறகு பெரும்பாலும் சொந்தச் செலவில் போட வேண்டும். “எனக்கு எதுக்கு?” என்ற எண்ணமும், ‘கல்யாணம் ஆகாதவள் கேட்டால் என்ன நினைப்பார்கள்’ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும்.

அம்மாக்களுக்குத் தாதி தெளிவாகச் சொல்ல வேண்டியவை இவை:

1. ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அதன் மேலுறை போன்ற புரதம் மட்டுமே உண்டு.
2. மலட்டுத்தன்மை வராது. நோய் வந்தால்தான் கருப்பையையே அகற்ற நேரிடலாம்.
3. கை வலி, லேசான காய்ச்சல் வரலாம். சிலருக்கு மயக்கம் வரும். ஊசிக்குப் பின் 15 நிமிடம் உட்காரச் சொல்வது அதற்குத்தான்.
4. திருமணமானவர்களும் போடலாம், ஆனால் பலன் குறையலாம். மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.
5. ஊசி எல்லா வகைகளையும் தடுக்காது. போட்டவர்களும் உரிய வயதில் பேப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. சோதனை செய்ய வேண்டும்.

2030-க்குள் பெண்பிள்ளைகளில் 90 விழுக்காட்டினருக்கு 15 வயதுக்குள் ஊசி போட்டு முடித்திருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் இலக்கு. “நானே போட்டுக்கிட்டேன்ம்மா” என்று ஒரு தாதி சொல்லும் ஒரு வார்த்தை, பத்து விளம்பரத் தாளுக்குச் சமம்.

கலந்துரையாட:
• உங்கள் வீட்டில் இந்த ஊசியைப் பற்றி யார் பேசினார்கள்? பேசவில்லை என்றால் ஏன்?
• தாதிமைப் பயிற்சிக்குப் போகும் அக்கா, தங்கைகளிடம் இதை எப்படிக் கேட்பீர்கள்?
• இதில் ஆண்பிள்ளைகளின் பொறுப்பு என்ன?