குளத்துப் பாசியின் நோயும் ஒளியின் பங்கும்

கண்மாய்களும் ஊரணிகளும் நிறைந்தது நம் புதுக்கோட்டை மாவட்டம். மழைக்குப்பின் கலங்கிய நீர் தெளிந்ததும் பாசி பெருகிப் பச்சை படர்வதை யாவரும் கண்டிருப்போம். சில வேளை அப்பச்சை சின்னாட்களிலேயே மறைந்துவிடும். எவரோ நஞ்சு கலந்தனர் என்ற ஐயமும், அதனால் ஊருக்குள் மனத்தாங்கலும் எழக்கூடும். பாசிக்கும் நோயுண்டு என்பதை அறிந்தால், பழி சுமத்துமுன் சற்றே நிதானிப்போம்.

பாசியைத் தாக்கும் ஒட்டுண்ணிகளுள் கைட்ரிட் என்னும் நுண்பூஞ்சையும் ஒன்று. அதன் வித்துக்கள் ஒற்றை வாலால் நீந்திச் சென்று பாசியின் உயிரணுவில் ஒட்டிக்கொள்கின்றன. வேர்போன்ற இழைகளை உள்ளே செலுத்தி உணவை உறிஞ்சிப் பருக்கின்றன. பின்னர்ப் புதிய வித்துக்கள் பல வெளிப்படுகின்றன. தாக்குண்ட உயிரணு மடிகிறது. இந்திய நீர்நிலைகளிலும் இவ்வகைப் பூஞ்சைகள் காணப்பட்டுள்ளன.

இந்நோயை ஆழ்ந்து ஆராய்ந்த இடம் இங்கிலாந்தின் வின்டர்மியர் ஏரி. ஆஸ்டிரியோனெல்லா என்னும் விண்மீன் வடிவப் பாசியின் பெருக்கத்துக்கும் இப்பூஞ்சைக்கும் உள்ள தொடர்பை ஹில்டா கான்டர், லண்ட் ஆகிய இருவரும் 1948-இல் விளக்கினர். கான்டரும் ஜவார்ஸ்கியும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு வியப்பூட்டுவது. இருளில் வைத்தபோது வித்துக்கள் பாசியைப் பற்றவில்லை; நோய் தொற்ற ஒளி வேண்டியிருந்தது. ஒளியில் உணவு சமைக்கும் பாசியிலிருந்து கசியும் பொருள்களே வித்துக்களை ஈர்க்கின்றன எனக் கருதப்படுகிறது.

நிழலும் ஈரமுமே பூஞ்சை நோயை வளர்க்கும் என வயலில் பழகிய நமக்கு இது புதுப்பாடம். பாசியை வளர்க்கும் கதிரொளியே அதன் பகைக்கும் வழிகாட்டுகிறது. ஆயினும் நிழல் பாசிக்குக் காப்பாகாது. ஒளி குன்றினால் அதன் வளர்ச்சியும் குன்றும்.

இனி நாம் செய்யத்தக்கன யாவை? நிறமாற்றம் ஒன்றையே கொண்டு நஞ்சென்றோ நோயென்றோ துணியலாகாது. நீரை நுண்ணோக்கியில் காணச் செய்வதே முறை. பாசி ஒருங்கே மடிந்து அழுகினால் நீரில் பிராணவாயு குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய்திறந்து தவிக்கும். அந்நாட்களில் சாணமும் தீவனமும் இடுவதை நிறுத்திப் புதுநீர் பாய்ச்சுதல் நலம். மீன் செத்து மிதந்தால், அண்டை வீட்டாரை ஏசுவதற்குமுன் நீரைச் சோதனைக்கு அனுப்புவோம். ஊர்க் கண்மாய் ஊரார் அனைவருக்கும் பொது. அதைக் காப்பதற்கு ஒற்றுமையும் வேண்டும், அறிவும் வேண்டும்.