கனடா ஸ்பான்சர்: ஒரு மாத இடைவெளியும் கூடாது
கணவனையோ மனைவியையோ கனடாவுக்கு அழைக்க விண்ணப்பிக்கும் பலர், கல்யாண ஆல்பத்துக்குக் காட்டும் அக்கறையைப் படிவங்களுக்குக் காட்டுவதில்லை. குறையிருந்தால் அதிகாரியே கேட்டு வாங்கிக்கொள்வார் என்பது அவர்கள் வாதம். பரிசீலனை தொடங்கிய பிறகு கேட்பதுண்டு; ஆனால் கையெழுத்தோ கட்டாயப் படிவமோ இல்லாத விண்ணப்பம் அந்தக் கட்டத்துக்கே போகாமல் திரும்பிவிடும். காத்திருந்த நாட்களும் வீண். அதிகம் சறுக்குவது 5669 எண் படிவத்தில்தான்: கடந்த 10 ஆண்டுகளில் வீட்டில் சும்மா இருந்த மாதங்களையும் 'வேலையில்லை' என்றே எழுத வேண்டும், காலியாக விடக்கூடாது. தமிழிலுள்ள திருமணச் சான்றிதழுக்கு ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். அதைக் குடும்பத்தார் செய்தால் ஏற்கமாட்டார்கள். புகைப்படம் உறவைக் காட்டும், உண்மைதான்; விடுபட்ட கையெழுத்தை அது ஈடுகட்டாது. 5533 எண் சரிபார்ப்புப் பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்த பிறகே அனுப்புங்கள்.