படகுக்கு முன்னால் வண்டி

சென்ற பொங்கல் விழாவன்று கரஞ்சாலேம் கடற்கரைக்கு வந்திருந்த சங்க அன்பர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அவ்வளவு பெரிய இரட்டைப் படகை உங்கள் மகளும் அவள் தோழியும் இரண்டே பேராக இழுத்துக்கொண்டு போனார்களே, எப்படி?" என்பதுதான் அது. பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கும் இரண்டு குடும்பங்கள் வீட்டுக்கே வந்து விசாரித்தன. எல்லாருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இதழில் எழுதிவிடுங்கள் என்று ஆசிரியர் சொன்னதால் எழுதுகிறேன். நான் கடலோடி அல்லன். கோவாவில் முப்பது வருடம் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்தவன். ஆகவே கடலைப் பற்றிக் குறைவாகவும், கரையில் செய்ய வேண்டியதைப் பற்றி அதிகமாகவும் சொல்வேன். படகு கெடுவதும் பெரும்பாலும் கரையில்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இந்த இரட்டைப் படகை ஆங்கிலத்தில் கேட்டமரான் என்கிறார்கள். சொல் நம்முடையது, கட்டுமரம். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697 இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் நம் கட்டுமரம் இரட்டைப் படகு அன்று. சில மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். இரண்டு ஓடங்களைக் குறுக்கு மரத்தால் இணைக்கும் முறை பசிபிக் தீவு மக்களுடையது. பெயர் இங்கிருந்தும் உருவம் அங்கிருந்தும் போய் எங்கேயோ ஒன்று சேர்ந்துகொண்டன. கலிபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டர் என்பவர் 1960களின் பிற்பகுதியில் 14 அடிப் படகையும், அடுத்துச் சில ஆண்டுகளில் 16 அடிப் படகையும் உருவாக்கினார். துறைமுகமோ தோணித்துறையோ இல்லாமல் கடற்கரை மணலிலிருந்தே அலைக்குள் இறக்கலாம் என்பதுதான் அவற்றின் சிறப்பு. எங்களிடம் இருப்பது ஹோபி 16. நீளம் 5 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் 2.41 மீட்டர், எடை 145 கிலோ, பாய்மரம் ஏறத்தாழ 8 மீட்டர்.

எங்கள் நான்கு குடும்பக் கூட்டில் மூத்தவர் தூத்துக்குடி அண்ணாச்சி. அவருடைய அப்பா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து, தோளில் சுமந்து மேலே கொண்டுபோய்க் காயப்போடுவார்களாம். யோசித்துப் பாருங்கள், கரையில் படகைத் தூக்குவது எப்படி என்ற கேள்விக்குக் கட்டுமரம் தன் உடம்பிலேயே பதில் வைத்திருந்தது. ஹோபியை அப்படிப் பிரிக்க முடியாது. அதற்கு வண்டி வேண்டும். இந்தச் சின்ன விஷயம் எங்களுக்கு உறைக்க ஒரு வருடமும் ஒருவருடைய முதுகும் செலவாயின.

2017 நவம்பரில், தெற்கே ஒரு விடுதிக்காரரிடமிருந்து படகை வாங்கினோம். பளபளவென்று புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. பாயை ஏற்றிக் காட்டினார், நாங்களும் மயங்கிவிட்டோம். அன்று அண்ணாச்சி ஊரில் இல்லை. முதல் நாள் ஓட்டிவிட்டுக் கரைக்கு வந்து அடைப்பைத் திறந்தால் ஒரு பக்க ஓடத்திலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டியது. புரட்டிப் போட்டபோதுதான் தெரிந்தது: வருடக்கணக்கில் மணலில் இழுத்து இழுத்து அடிப்பகுதி பின்பக்கத்தில் தேய்ந்து தட்டையாகி, பெயின்டுக்கு உள்ளே ஃபைபர் இழைகள் தெரிந்தன. திரும்பி வந்த அண்ணாச்சி எங்களைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "தம்பி, மண்பானை வாங்கும்போதுகூடத் தட்டிப் பாத்துத்தான வாங்குவிய?" என்றார்.

அவர் கேலியாகச் சொன்னாலும் அதுவே சரியான பரிசோதனை. ஹோபியின் ஓடம் இரண்டு மெல்லிய ஃபைபர் கிளாஸ் தோல்களுக்கு நடுவே ஃபோம் வைத்துச் செய்தது. காலப்போக்கில் தோல் ஃபோமை விட்டுப் பிரிந்துவிடும். நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் 'டக்' என்று கேட்கும். பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாக விழும். பிறகு கட்டைவிரலால் அழுத்த வேண்டும். முன்புறக் குறுக்குக் குழாய்க்கு முன்னால் உள்ள மேல்தளத்தைத்தான் முக்கியமாக அழுத்திப் பார்க்க வேண்டும், இந்த வகைப் படகில் வழக்கமாக நோகும் இடம் அது. உள்ளங்கை அளவு இடம் அமுங்கினால் சிறு துளைகள் இட்டு எபாக்ஸி செலுத்திச் சரிசெய்யலாம். முழ நீளத்துக்கு அமுங்கினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

அடுத்து, படகைக் கட்டாயம் புரட்டிப் பார்க்க வேண்டும். "எதற்கு சார் சிரமம்" என்று விற்பவர் சொன்னால் இன்னும் கட்டாயமாக. தேய்ந்த அடிப்பகுதிக்கு எபாக்ஸியும் ஃபைபர் துணியும் வைத்துப் புதுத் தோல் போடலாம். நாங்கள் போட்டோம், படகு விலையில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போயிற்று. ஒழுகலைக் கண்டுபிடிக்க ஓடத்தின் துளைகளை அடைத்துவிட்டு, ஒரு குழாய் வழியே வாயால் ஊதிக்கொண்டு, மேலே சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். சைக்கிள் ட்யூபுக்குத் தண்ணீரில் பார்ப்பதுபோலத்தான். பஞ்சர் கடைக் கம்ப்ரசரை மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒட்டு பிளந்துவிடும்.

சட்டத்தின் உறுதியைப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. படகு மணலில் இருக்கும்போது ஒரு ஓடத்தின் மூக்கை மட்டும் தூக்குங்கள். மற்ற மூக்கும் உடனே கூட எழும்பினால் மூட்டுகள் இறுக்கம். அது வெகுநேரம் கழித்து எழும்பினால் மூட்டுகள் தளர்ந்துவிட்டன என்று அர்த்தம். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பி வடங்களில் ஒரு இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் வடத்தையே மாற்ற வேண்டும். பாயைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். நைந்த பாயோடு நிதானமாக ஓட்டலாம், நைந்த வடத்தோடு முடியாது.

இனி வண்டிக்கு வருகிறேன். ரிப்பேர் முடிந்தபின் இனிமேல் இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். பாய், கயிறு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 160 கிலோ. நான்கு பேர் தூக்கினால் ஆளுக்கு 40 கிலோதானே என்று கணக்குப் போட்டோம். மணலில் நால்வரும் ஒரே சமயத்தில் அடியெடுத்து வைப்பதில்லை என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒருவர் கால் புதைந்தால் அவர் பங்கும் அடுத்தவர் மேல் விழும். 2018 ஜனவரியில் எங்கள் வங்கி நண்பருக்கு அப்படித்தான் இடுப்பில் பிடித்தது. டிஸ்க் விலகி ஆறு வாரம் படுக்கையில் இருந்தார். அவர் மனைவி எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது. இன்றும் அவர் படகில் ஏறுவார், கரையில் எதையும் தொட விடமாட்டோம்.

அந்த உறுத்தலில் அவசரமாக ஒரு வண்டி செய்தேன். முப்பது வருட அனுபவசாலி செய்த வண்டி இரண்டே வாரம் உழைத்தது! ஒரு அங்குல மெல்லிய ஜி.ஐ. குழாய்தான் அச்சு. சந்துக்குள் வண்டி நுழைய வேண்டுமே என்று இரண்டு சக்கரங்களையும் ஓடங்களுக்கு உட்பக்கமாக, அரை மீட்டர் தள்ளி மாட்டினேன். ஒரு நாள் அலை படகைத் தூக்கி வண்டியின்மேல் போட்டது. அச்சு வில்லாக வளைந்துவிட்டது. வீட்டில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கணக்கைக் கொடுங்கள். ஒரு பக்கச் சுமை 80 கிலோ. சக்கரத்துக்கும் சுமைக்கும் இடையே தூரம் 50 செ.மீ.; பெருக்கினால் 4000. இதே சுமையைத் தாங்கியின் இரு பக்கமும் ஆளுக்கொரு சக்கரம் பகிர்ந்துகொண்டு, தூரம் 18 செ.மீ. மட்டும் இருந்தால் 40 ஐ 18 ஆல் பெருக்கி 720. அச்சை வளைக்கும் விசை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. குழாயைத் தடிமனாக்குவது இரண்டாவது யோசனை. சக்கரத்தைச் சுமைக்கு அருகே கொண்டுவருவது முதல் யோசனை.

நான்கு சக்கரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மணலில் சக்கரம் புதைவது எடையால் மட்டும் அன்று, எடை எவ்வளவு இடத்தில் இறங்குகிறது என்பதால். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தமே. 80 கிலோவை 28 பவுண்டு காற்றடித்த ஒரே டயர் தாங்கினால், அது தரையைத் தொடும் இடம் 40 சதுர செ.மீ. தான், கத்திபோல மணலை வெட்டிக்கொண்டு இறங்கும். 70 கிலோ மனிதரின் பாதம் சுமார் 200 சதுர செ.மீ. இடத்தை எடுத்துக்கொள்கிறது, பவுண்டுக் கணக்கில் 5 தான் வரும். ஆகவே டயரிலும் 5 பவுண்டு காற்று மட்டும் வைத்தால், நம் கால் புதையும் அளவுக்குத்தான் சக்கரமும் புதையும். ஆட்டோரிக்‌ஷாவின் 4.00-8 டயர் நான்கு வாங்கினேன். டயருக்கு 40 கிலோ, 5 பவுண்டு காற்று, தொடும் இடம் 115 சதுர செ.மீ. அளவு. பஞ்சர் கடைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். பலூன்போல உப்பிய தனிச் சக்கரங்கள் வெளிநாட்டில் இதற்கென்றே விற்கின்றன. வாங்கித் தருவிக்க வசதியுள்ளவர்கள் அதையே வாங்கலாம், நல்ல பொருள்.

இப்போதைய அச்சு ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய், சிவப்புப் பட்டை போட்ட கனமான ரகம். பால் பேரிங் வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஒரு பருவம்கூடத் தாங்காது. லேத் பட்டறையில் நைலான் புஷ் கடைந்து போட்டேன், அது தண்ணீர் குடித்து ஊதி அச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு எச்.டி.பி.இ. பிளாஸ்டிக்கில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கடைந்தோம். இன்றுவரை சுற்றுகிறது, எண்ணெய்கூடப் போடுவதில்லை. ஜி.ஐ. குழாயில் வெல்டிங் செய்யுமுன் அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திறந்தவெளியில் செய்யச் சொல்லுங்கள். அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும்.

ஓடம் உட்காரும் தாங்கிகளை மரத்தில் வெட்டி, மேலே பழைய கால்மிதி ரப்பரை ஒட்டியிருக்கிறேன். இரண்டு தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரத்தை உங்கள் படகில் அளந்தே வையுங்கள். டயர் ஓடத்தில் உரசாதபடி உயரமும் வேண்டும். வண்டியைப் படகின் சமநிலைப் புள்ளிக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால், முன்னால் பிடிப்பவர் கையில் பத்து கிலோ போலத் தங்கும். அந்த அளவு சரி. கையில் எடையே இல்லையென்றால் மேட்டில் ஏறும்போது மூக்கு வானத்தைப் பார்த்துவிடும். படகோடு வண்டியைப் பட்டையால் கட்டாமல் ஓரடிகூட நகர்த்தாதீர்கள்.

இனிச் சொல்லப்போவது வண்டி செய்தபின் வந்த ஆபத்து. இழுப்பது சுலபமானதும் பாய்மரத்தை நிறுத்தியபடியே படகை மேலே வரை கொண்டுவர ஆரம்பித்தோம். ஒரு மாலை, கடற்கரை உணவுக் குடில் ஒன்றுக்குப் புதிதாக இழுத்திருந்த மின்கம்பி எங்கள் பாய்மர உச்சிக்கு ஒரு முழ தூரத்தில் இருந்ததை அண்ணாச்சி கவனித்துக் கத்தினார். வண்டியை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகள். பாய்மரம் அலுமினியம், வடங்கள் எஃகு, பிள்ளைகள் ஈர மணலில் வெறுங்காலோடு. அமெரிக்காவில் இப்படி உயிர்கள் போனபின்தான் 1980களில் ஹோபி பாய்மரத்தின் மேல்துண்டை மின்சாரம் பாயாத பொருளில் செய்யத் தொடங்கினார்கள். எங்களுடையது அதற்கு முந்தைய ரகம். மேல்துண்டு மாறியிருந்தாலும் அதை நம்பிக் கம்பிக்கு அடியில் போகக் கூடாது. இப்போது முழுத் தடத்தையும் மேலே பார்த்தபடி ஒருவர் நடந்து முடித்து, கொடிமரம் நட்ட இடத்தைத் தாண்டுவதாக இருந்தால் பாய்மரத்தை இறக்கிவிடுகிறோம். அதற்கு இருபது நிமிடம் ஆகும். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

2022 இல் பெரிய பிள்ளைகளுக்காக இரண்டாவது படகு ஒன்று தேடினோம். இந்த முறை பணத்தை எடுத்துக்கொள்ளவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். தட்டிப் பார்த்ததில் குறை இல்லை. பிறகு படகை வண்டியில் ஏற்றிச் சமமாக நிறுத்தி, இரு பக்கமும் சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து, வீட்டில் எடை பார்க்கும் மெஷினை ஆளுக்கொன்றாக வைத்தோம். வண்டியின் எடையைக் கழித்தபின் இடப்பக்கம் 76 கிலோ, வலப்பக்கம் 101 கிலோ. அடைப்பைத் திறந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவ்வளவும் ஃபோம் குடித்து வைத்திருந்தது. விற்பவருக்கே அது தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், முகம் வாடிவிட்டது. காபி கொடுத்தார். குடித்துவிட்டு வண்டியை மட்டும் இழுத்துக்கொண்டு திரும்பினோம்.