உறுமியதற்காக மணியை அடிக்காதீர்கள்

கேள்வி: எங்கள் மணி ராஜபாளையம் நாய், 9 வயது, பரம சாது. போன வாரம் என் மகன் தெருவில் அநாதையாகக் கிடந்த குட்டி ஒன்றைத் தூக்கிவந்தான். இரண்டு மாதம் இருக்கும். எந்நேரமும் மணியின் காதையும் வாலையும் கடித்து இழுக்கிறது. மணி உறுமினால் என் கணவர் அதட்டி, முதுகில் ஒன்று வைக்கிறார். இப்போது அவன் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறான், சோறும் சரியாகத் தின்பதில்லை. குட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா?
– வாசகி, தேனி

பதில்: குட்டி இருக்கட்டும். அடிப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மணி தப்பு எதுவும் செய்யவில்லை. 'போதும், தள்ளிப் போ' என்று சொல்ல அவனுக்குத் தெரிந்த வழி உறுமல்தான். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டிகள் தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் கற்றுக்கொள்ளும். உங்கள் குட்டிக்கு அது வாய்க்கவில்லை. மணிதான் இப்போது கற்றுக்கொடுக்கிறான். உறுமும்போதெல்லாம் அடி விழுந்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும், எரிச்சலை விடாது. பிறகு ஒருநாள் எச்சரிக்காமலே கடித்துவிடும்.

எனக்குக் கவலை தருவது அவன் சோறு தின்னாததுதான். இந்த வயதில் இடுப்பு, மூட்டு வலி சகஜம். எழும்போது தடுமாறுகிறானா, படியேறத் தயங்குகிறானா என்று பாருங்கள். வலிக்கிற இடத்தில் குட்டி தாவினால் எந்த நாயும் சீறும். ராஜபாளையம் நாய்களில் காது கேளாமையும் அதிகம். அவனுக்குத் தெரியாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். திரும்பாவிட்டால், குட்டி வருவதே தெரியாமல் அவன் திடுக்கிடுகிறான் என்று அர்த்தம். இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நமக்கு வாங்கிய வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

மணியின் பழைய வழக்கம் ஒன்றும் மாறக் கூடாது. அவன் சாக்கு, அவன் மூலை, உங்களோடு தனியாகப் போகும் காலை நடை எல்லாம் அப்படியே இருக்கட்டும். குட்டி நுழைய முடியாதபடி அவன் மூலைக்கு ஒரு தட்டி வையுங்கள். சோறு இரண்டுக்கும் வேறு வேறு அறையில். இந்த வயதுக் குட்டிக்கு ஒரு நாளில் 18 மணி நேரம் வரைகூடத் தூக்கம் தேவை. தூக்கம் கெட்டால்தான் வெறிபிடித்த மாதிரி கடிக்கும். அந்த நேரத்தில் பிரித்துத் தூங்க வையுங்கள்.

பழகவைக்கச் சிறந்த வழி, இரண்டையும் சேர்த்து வெளியே கூட்டிப் போவது. குட்டியைக் கையிலேயே வைத்திருங்கள், தெருவில் இறக்கிவிட வேண்டாம். பார்வோ நோய் தெரு மண்ணிலிருந்தும் தொற்றும். தடுப்பூசியை இப்போதே தொடங்கி, 16 வார வயது வரை 3–4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி 3 மாதத்தில். பூச்சி மருந்தும் அவசியம். மணிக்கு இந்த ஆண்டு ஊசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள்.

மணி முகத்தைத் திருப்பினாலோ எழுந்து போனாலோ, குட்டி பின்னாலேயே போகாமல் நீங்கள் தடுக்க வேண்டும். அவன் உடல் விறைத்து, கண் கொட்டாமல் முறைத்தால் உடனே குட்டியை அப்புறப்படுத்துங்கள். சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள், போர்வையை மேலே போட்டுப் பிரியுங்கள். முன்னங்காலைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி நின்றால் அது விளையாட்டுக்கான அழைப்பு, அப்போது விட்டுவிடலாம். குட்டியின் ஊசிப் பற்கள் 4 முதல் 6 மாதத்துக்குள் விழும். அதுவரையாவது, வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டையும் ஒன்றாக விட்டுப் போகாதீர்கள்.