இருங்காட்டுக்கோட்டையில் முதல் சுற்று: பைக் ரேஸுக்குப் புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிறு விடியற்காலையில் ஈ.சி.ஆரில் வண்டியை விரட்டும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். எதிரே மீன் வண்டி வரும், நாய் குறுக்கே ஓடும், வளைவில் மணல் கொட்டிக் கிடக்கும். நானும் அதே சாலையில் அப்படி விரட்டியவன்தான். அந்த ஆசைக்கென்றே ஓர் இடம் சென்னையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது என்று எனக்கு முப்பத்திரண்டு வயதில்தான் ஒருவர் சொன்னார். முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்று இன்றும் ஆதங்கம் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால், இருங்காட்டுக்கோட்டையில் அந்த டிராக் இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு கார்னர்கள். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. இந்த டிராக் வருவதற்கு முன் பல ஆண்டுகள் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்தது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ‘சோழவரம் ரேஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். இன்றைய டிராக் 1990இல் வந்தது. கோவைப் பக்கம் இருப்பவர்களுக்குச் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2.1 கிலோமீட்டர்தான், ஆனால் கார்னருக்கு மேல் கார்னர். பழகுவதற்கு நல்ல இடம்.

வண்டி எடுப்பதற்கு முன்

முதலில் ஒரு ரேஸ் நாளில் போய்ப் பாருங்கள். மெயின் ஸ்ட்ரெய்ட் எதிரில் உட்கார்ந்தால் சத்தம்தான் மிஞ்சும். ஏதாவது ஒரு கார்னர் நன்றாகத் தெரிகிற இடமாகப் பிடித்து, ஒரே ஒரு ஓட்டுநரை மட்டும் பத்துச் சுற்று கவனியுங்கள். எங்கே பிரேக் பிடிக்கிறார், எங்கே தலையைத் திருப்புகிறார், எங்கே மறுபடி முறுக்குகிறார் என்று பாருங்கள். முன்னணியில் இருப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரே காரியத்தைச் செய்வார், தார் மேல் கோடு கிழித்து வைத்ததைப்போல. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் அந்தக் கோட்டைப் பற்றித்தான். முதல் ஆண்டில் அந்த ஒரு திறமை போதும், வேகம் அதன் பின்னால் வரும்.

அடுத்தது பயிற்சிப் பள்ளி. போட்டியில் இறங்க இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் லைசென்ஸ் வேண்டும். அதற்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சிச் சான்றிதழும் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். லைசென்ஸ் எண்ணமே இல்லாவிட்டாலும் பள்ளி வழியாகவே போங்கள். பல பள்ளிகளில் வண்டியும் லெதர் சூட்டும் வாடகைக்குக் கிடைக்கும். முதல் நாளில் சொந்த வண்டியை எடுத்துப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் வண்டியின் மேல் ஒரு கீறல் விழுமோ என்ற நினைப்பே கவனத்தில் பாதியைத் தின்றுவிடும். இன்னொன்று, சாதாரண இருசக்கர இன்சூரன்ஸ் பாலிசி ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. டிராக்கில் உடைந்தால் செலவு முழுக்க நம்முடையது.

எந்த வண்டி? 150, 200 சிசி போதும். சின்ன வண்டியில் பிரேக்கை முன்கூட்டிப் பிடித்தாலும், கோட்டைத் தவறவிட்டாலும் அது உடனே காட்டிக் கொடுக்கும். பெரிய வண்டியில் ஸ்ட்ரெய்ட்டில் முறுக்கிச் சரிக்கட்டிவிடலாம், அதனால் தவறு தவறாகவே தங்கிவிடும். 600 சிசி வாங்கிய பிறகுதான் டிராக்குக்கு வருவேன் என்று காத்திருக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். காத்திருந்த காலத்தில் இரண்டு சீசன் ஓட்டியிருக்கலாம். டிவிஎஸ், ஹோண்டா போன்ற நிறுவனங்கள் நடத்தும் ஒரே ரக வண்டிப் போட்டிகளும் உண்டு. எல்லாருக்கும் ஒரே வண்டி என்பதால் கைத்திறன் மட்டுமே தெரியும்.

உடுப்பு

இதில் சிக்கனம் கூடாது. முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட், தாடைக்குக் கீழே இரட்டை வளையத்தில் கோத்துக் கட்டும் வகை. ஒரே துண்டாகவோ, இடுப்பில் சுற்றிலும் ஜிப் சேர்வதாகவோ லெதர் சூட். உள்ளே முதுகுக் காப்பு. மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ். சூட் இறுக்கமாக இருக்க வேண்டும். நேராக நின்றால் கொஞ்சம் சிரமமாகவும், வண்டியில் குனிந்து உட்கார்ந்தால் வசதியாகவும் இருந்தால் அது சரியான அளவு. தொளதொளப்பான சூட் விழும்போது நகர்ந்துவிடும், முழங்கையில் இருக்க வேண்டிய காப்பு வேறெங்கோ போய்விடும்.

நம் ஊர் வெயிலில் லெதருக்குள் இருப்பது அடுப்புக்குள் இருப்பது மாதிரிதான். முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் குடியுங்கள். செஷன் முடிந்ததும் சூட்டை இடுப்புவரை இறக்கிவிட்டு நிழலில் உட்காருங்கள். இளநீர், மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் எதுவும் நல்லது. மதியம் வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு இறங்கியவர்களின் கண் மூன்றாவது சுற்றிலேயே சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

சொந்த வண்டி என்றால்

கண்ணாடி, நம்பர் பிளேட், சைடு ஸ்டாண்டு, பின் கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஹெட்லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் டேப் ஒட்டுங்கள், உடைந்தாலும் கண்ணாடிச் சில்லு டிராக்கில் சிதறாது. எஞ்சின் ஆயில் டிரெயின் போல்ட்டையும் ஆயில் மூடியையும் கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஒரு போல்ட் கழன்று கொட்டும் ஆயில் பின்னால் வரும் பத்துப் பேரை விழ வைக்கும். ரேடியேட்டர் உள்ள வண்டியில் கூலண்டை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்வதற்கும் இதே காரணம்தான், கூலண்ட் தரையில் வழுக்கும்.

பிரேக் பேட், பிரேக் ஆயில், செயின் தொய்வு, ஆக்ஸிலரேட்டர் கையை விட்டதும் தானாகத் திரும்புகிறதா என்பதையெல்லாம் முந்தைய நாளே பாருங்கள். டயர் காற்றை மட்டும் டிராக்கில் பாருங்கள். நாலைந்து சுற்றில் டயர் சூடேறி உள்ளே அழுத்தம் கூடிவிடும். ஆகவே சாலைக்கு வைக்கும் அளவிலிருந்து குறைத்துத் தொடங்குவது வழக்கம். எவ்வளவு என்பது டயருக்கு டயர் மாறும், அங்கே அதே டயரில் ஓட்டுபவரைக் கேளுங்கள். உள்ளே வந்தவுடன், சூடு ஆறுவதற்குள் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

முதல் செஷன்

ஒரு செஷன் பதினைந்து இருபது நிமிடம். முதல் இரண்டு சுற்றும் டயருக்கும் கண்ணுக்கும் சூடேற்ற மட்டும். கார்னரில் பாதை எளியது: வெளி ஓரத்தில் நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போவது. உள் ஓரத்தைத் தொடும் இடத்துக்குப் பெயர் ஏபெக்ஸ். புதியவர்கள் எல்லாரும் ஏபெக்ஸை அவசரப்பட்டுத் தொடுவார்கள், பிறகு வெளியேறும்போது இடம் போதாமல் திணறுவார்கள். கொஞ்சம் பொறுத்துத் திருப்புங்கள். வலப்பக்கம் சாய வலது ஹேண்டில்பாரை லேசாக முன்னே தள்ளுங்கள், வண்டி தானாகச் சாயும். இடப்பக்கத்துக்கும் அப்படியே. உட்கார்வதில் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்டில், வெளிப்பக்க முழங்கால் டேங்கை அணைத்தபடி, முழங்கை இளகி இருந்தால் போதும். முழங்காலைத் தரையில் உரசுவதை முதல் நாளிலேயே தேடாதீர்கள்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். என் மூன்றாவது செஷனில் ஓர் இடதுபுறக் கார்னரில் வேகம் கூடிவிட்டதென்று தோன்றியது. வெளி ஓரத்துப் புல் கண்ணில் பட்டது. அதையே பார்த்தேன், வண்டி நேராகப் புல்லுக்குள் போய் நின்றது. விழவில்லை. வண்டிகள் நிறுத்தும் பேடாக்குக்குத் திரும்பி வந்ததும் பயிற்சியாளர் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“தம்பி, அப்ப எங்க பாத்துட்டு இருந்தீங்க?”

“புல்ல பாத்தேண்ணா.”

“அடுத்த தடவை அதே வேகத்துல போங்க. கார்னர் முடியற இடத்த மட்டும் பாருங்க.”

போனேன். அதே வேகம், அதே கார்னர், வண்டி உள்ளே நிறைய இடம் மிச்சம் வைத்துத் திரும்பியது. என்னால் அதை நம்பவே முடியவில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு கார்னரிலும் மூன்று அடையாளங்களை மனப்பாடம் செய்கிறேன்: பிரேக் பிடிக்கும் இடம், திருப்பும் இடம், ஏபெக்ஸ். பலகையோ, தாரில் ஒரு ஒட்டோ, டிராக் ஓரத்துக் கெர்பின் நிறம் மாறும் இடமோ எதுவாகவும் இருக்கலாம். நிழலை மட்டும் அடையாளம் வைக்காதீர்கள், மதியம் அது இடம் மாறிவிடும்.

கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலைத் தொடங்கிய கீத் கோட், ‘எ ட்விஸ்ட் ஆஃப் தி ரிஸ்ட்’ நூலில் ஓட்டுபவரின் கவனத்தைக் கையிலிருக்கும் பத்து டாலருக்கு ஒப்பிடுகிறார். எதைப் பற்றி யோசித்தாலும் அதற்குக் கொஞ்சம் செலவாகிறது. பழகிய காரியம் மலிவாகிவிடுகிறது. அடையாளங்கள் மனப்பாடமானால் அந்தப் பணம் மிச்சமாகும். மிச்சத்தைக் கொண்டுதான் வேகம் வாங்க முடியும்.

கொடிகள்

இவற்றை வீட்டிலேயே மனப்பாடம் செய்துவிட்டு வாருங்கள். மஞ்சள்: முன்னால் ஆபத்து, யாரையும் முந்தக் கூடாது. சிவப்பு: செஷன் நிறுத்தம், வேகத்தைக் குறைத்து, டிராக் ஓரத்தில் வண்டிகள் நிற்கும் பிட்டுக்குத் திரும்புங்கள், சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள். மஞ்சளில் சிவப்புப் பட்டைகள்: தரை வழுக்குகிறது. நீலம்: உங்களைவிட வேகமானவர் நெருங்குகிறார். உங்கள் எண்ணோடு கறுப்பு: உடனே பிட்டுக்கு வாருங்கள். கட்டம் போட்டது: முடிந்தது.

நீலக் கொடியில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். வழிவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சட்டென்று ஒதுங்குகிறார்கள், திரும்பிப் பார்க்கிறார்கள். சாலையில் அது மரியாதை, டிராக்கில் ஆபத்து. முந்தும் பொறுப்பு பின்னால் வருபவருடையது. நீங்கள் உங்கள் கோட்டிலேயே போனால் அவர் சுலபமாகச் சுற்றிப் போய்விடுவார். நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று அவர் போட்ட கணக்கை மாற்றாதீர்கள், அவ்வளவுதான். மெதுவாகப் போவது இங்கே ஒரு குற்றமே இல்லை.

விழுந்தால்

வண்டியை விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டே போனால் அது உங்களையும் சேர்த்து உருட்டும். சறுக்கல் முழுதாக நிற்கும்வரை எழ முயலாதீர்கள்; நின்றுவிட்டது என்று மனம் சொன்ன பிறகும் உடம்பு சறுக்கிக்கொண்டிருக்கும். எழுந்ததும் வண்டியைத் தூக்க ஓட வேண்டாம். டிராக்கைப் பார்த்தபடி தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள், மற்றதை டிராக் பணியாளரான மார்ஷல் பார்த்துக்கொள்வார். தலை தரையில் பட்டிருந்தால் வலி இல்லாவிட்டாலும் டாக்டரைப் பாருங்கள், அந்த ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள்.

2023 ஆகஸ்டில் இதே டிராக்கில் நடந்த தேசியப் போட்டியில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். நல்ல திறமைசாலி. இதை மறைத்துவிட்டு உங்களை டிராக்குக்கு அழைக்க எனக்கு மனம் வரவில்லை. சாலையைவிட இங்கே காப்பு அதிகம். ஆம்புலன்ஸ் காத்து நிற்கிறது, எதிரே யாரும் வருவதில்லை. ஆனாலும் ஆபத்து இருக்கிறது. வீட்டில் உள்ளவர்களிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

முதல் ரேஸ்

நான்கைந்து பயிற்சி நாளுக்குப் பிறகு புதியவர்களுக்கான பிரிவில் பெயர் கொடுங்கள். காலையில் வண்டியையும் உடுப்பையும் சோதிப்பார்கள், பிறகு தகுதிச் சுற்று, அதில் எடுத்த நேரத்தை வைத்துத் தொடக்க வரிசையான கிரிட்டில் இடம். தகுதிச் சுற்றில் யார் பின்னாலும் ஒட்டாமல் தனியாக ஓடுங்கள். பின்னால் ஒட்டினால் அவருடைய தவறும் உங்களுடையதாகும்.

கிரிட்டில் நிற்கும்போது இதயம் காதுக்குள் அடிக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். முதல் கியர், கிளட்சைக் கடிக்கும் இடம்வரை விட்டு, ஆர்.பி.எம். நிலையாக வைத்து, சிவப்பு விளக்கை மட்டும் பாருங்கள். அணைந்ததும் கிளட்சை ஒரேயடியாக விடாதீர்கள், முன் சக்கரம் எழும்பும். விளக்கு அணையும் முன் நகர்ந்தால் தண்டனை உண்டு. முதல் கார்னரில் இருபது வண்டிகளும் ஒரே இடத்துக்கு வரும், பழகிய பிரேக் அடையாளம் அங்கே உதவாது. கொஞ்சம் முன்னாலேயே பிரேக் பிடியுங்கள். என் முதல் ரேஸில் அங்கே இரண்டு இடம் இழந்தேன். நாலாவது சுற்றில் அந்த இருவரும் களைத்து அகலமாகப் போனார்கள், நான் என் கோட்டிலேயே போய் அவர்களைத் தாண்டினேன். பதினொன்றாவதாக முடித்தேன். அந்த நாளின் மகிழ்ச்சி இன்னும் எனக்குள் இருக்கிறது.

முடிந்ததும் லேப் டைம் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் மிக வேகமான சுற்றைப் பார்ப்பதற்கு முன், சுற்றுக்குச் சுற்று எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அரை வினாடிக்குள் எல்லாச் சுற்றும் அமைந்தால் நீங்கள் ஓட்டக் கற்றுவிட்டீர்கள். மூன்று வினாடி ஏறி இறங்கினால் எந்தக் கார்னரில் நழுவுகிறது என்று நோட்டில் எழுதுங்கள்.

திரும்பும்போது வண்டியைக் குட்டி யானையில் ஏற்றி அனுப்புவது உத்தமம். ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் கண்ணாடி, நம்பர் பிளேட், சைடு ஸ்டாண்டை மாட்டி, டேப்பைப் பிரித்து, காற்றைச் சாலை அளவுக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். நாள் முழுக்க டிராக் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு எண்பது கிலோமீட்டர் நாற்பது மாதிரி தெரியும், ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும்.